கழுவாத கோப்பை

சுரங்கத்துக்கு இறங்குகிற ஆள் காலையில் காப்பி குடித்துவிட்டு வைக்கிற கோப்பையை, அவன் மேலே ஏறி வீடு வந்து சேர்கிறவரை எங்கள் கட்டடத்தில் யாரும் கழுவமாட்டோம். அடியில் காப்பித்தூள் காய்ந்து கிடக்கும். ஈ மொய்க்கும். கிடக்கட்டும். கண்ணோரம் ஒட்டிய கரியோடு அவன் வந்து மேசையில் உட்கார்ந்த பிறகுதான் கோப்பை குழாயடிக்குப் போகும். யார் தொடங்கி வைத்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேல் ஊர்க்காரி ஒருத்தி அவசரப்பட்டுக் கழுவினாள், அன்றைக்கு அவள் புருசன் வரவில்லை என்று ஒரு கதை உண்டு. எல்லா ஊரிலும் அந்த மேல் ஊர்க்காரி உண்டு.

எதிர்வீட்டு ஸ்மரண்டா, சுரங்கத்தை மூடின நாளில் கடைசி ஷிப்டு முடிந்து புருசன் கவ்ரில் வந்த அன்று, அவன் கோப்பையைச் சோடா உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினாள். துடைத்து அலமாரியின் முன்வரிசையில் வைத்தாள்.

"இனிமே இது சும்மா கோப்பை, வெதா அக்கா. யாரு வேணும்னாலும் குடிக்கலாம்."

நான் அதே சுரங்கத்தில் விளக்கு அறையில் வேலை பார்த்தவள். இறங்குகிறவனுக்கு விளக்கு எடுத்துக் கொடுப்பேன், ஏறி வந்தால் வாங்கி மாட்டுவேன். எந்த விளக்கு திரும்பி வரவில்லை என்பது முதலில் எனக்குத்தான் தெரியும். அதனால் அவள் சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது.

சிரிப்பு அதோடு சரி. வேலை போன ஆண்பிள்ளை வீட்டில் இருப்பது இரும்புக் கட்டிலை நடுக்கூடத்தில் போட்டதுபோல. எங்கே திரும்பினாலும் இடிக்கும். பள்ளத்தாக்கு முழுக்க அப்படித்தான். வயசு கூடினவர்கள் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு கட்டடத்துக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து இருமினார்கள். வயசு காணாதவர்கள் ஜெர்மனிக்குப் பன்றி வெட்டப் போனார்கள். சிலர் கடைவாசலில் காவல் உடுப்போடு நின்றார்கள். நேற்றுவரை கூட வேலை பார்த்தவனின் பையைத் திறந்து பார்க்கிற பிழைப்பு. பெண்கள் இத்தாலிக்குப் போய் அந்த ஊர்க் கிழவர்களுக்கு மலம் துடைத்தார்கள். ஜியூ ஆறு எங்கள் காலத்தில் கறுப்பாய் ஓடியது. இப்போது அடிக் கல் தெரிகிறது. வெளியூர்க்காரர்கள் பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். நாங்கள் அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்க்காமல் பாலத்தைக் கடப்போம்.

அப்படி இருக்கும்போதுதான் நகராட்சி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த ஆட்கள் திரையில் படம் காட்டினார்கள். நிலக்கரி வேலை போகும், பசுமை வேலை வரும், கோடு இப்படி இறங்கி இப்படி ஏறும் என்றார்கள்.

கவ்ரிலின் கூட்டாளி பிஷ்டா பின்வரிசையிலிருந்து எழுந்தான். ஹங்கேரிக்காரன், மீசை பெரிது, வாய் அதைவிடப் பெரிது. "ஐயா, பசுமை வேலைன்னா முட்டைக்கோஸ் நடுறதா?"

மண்டபம் சிரித்தது. இல்லை, காற்றாலை வேலை என்றார்கள். பழைய சுரங்கத்தின் முற்றத்திலேயே இரும்புக் கோபுரம் ஒன்று நிறுத்தியிருக்கிறோம், ஏறப் பழக்குகிறோம், தேறினவர்களுக்குக் கருங்கடல் கரையில் காற்றாலைகளில் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில்.

"வாழ்நாள் பூரா கீழ இறக்கிட்டு, இப்ப மேல ஏத்துறானுங்க. அடுத்தது நேரா சொர்க்கந்தான்" என்றான் பிஷ்டா. ஆனால் முதலில் பேர் கொடுத்தவனும் அவன்தான்.

கவ்ரில் தயங்கினான். ஸ்மரண்டா தயங்கவில்லை. அவளுக்கு ஏற்கெனவே இத்தாலியில் த்ரெவிசோ பக்கம் ஓர் இடம் தயாராக இருந்தது. படுத்த படுக்கையாய்க் கிடக்கிற கிழவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியில் இடமும் சொல்லி வைத்துவிட்டாள். மகள் இலிங்காவுக்குப் பதினாறு வயசு. அந்த வயசில் தாயைத் தொலைபேசித் திரையில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் கட்டடத்தில் மாடிக்கு மாடி உண்டு. அவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் ஸ்மரண்டாவுக்குத் தெரியும்.

"நீ கோபுரத்துல தேறிட்டீன்னா நான் போகல. தேறலன்னா ஞாயித்துக்கிழமை வண்டியில ஏறிருவேன். அழுது பிரயோசனமில்ல, குடிச்சும் பிரயோசனமில்ல" என்றாள் புருசனிடம்.

பயிற்சிக்குப் போன நாட்களில் அவன் கதவைச் சாத்தியதுமே கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். நான் கேட்டேன். "ஏணியில ஏறி எறங்குறதுக்கெல்லாம் என்ன கோப்பை அக்கா? பகல் வெளிச்சத்துல, நாலு பேர் பார்க்க" என்றாள்.

பரீட்சை திங்கட்கிழமை. அன்று சாயங்காலம் நான் ஊறுகாய்ப் பீப்பாயிலிருந்து முட்டைக்கோஸ் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே பனி உருகி ஓடுகிற காலம். கூரைத் தகரத்தில் சொட்டுச் சொட்டாய் விழுந்துகொண்டிருந்தது. அவள் அடுப்பில் மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கவ்ரில் உள்ளே வந்தான், எங்களைத் தாண்டிப் போனான், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டான். பின்னாலேயே பிஷ்டா வந்து தொப்பியைக் கழற்றினான். பிஷ்டா தொப்பியைக் கழற்றினால் நல்ல சேதி கிடையாது.

"தேறலியா?" என்றாள் ஸ்மரண்டா. கிண்டுவதை நிறுத்தவில்லை.

"தேறலன்னு முழுசா சொல்ல முடியாது, மதினி."

"பின்ன பாதியா சொல்லு."

"ஏறினான். பூனை மாதிரி ஏறினான். எனக்கே பொறாமை. உச்சியில நின்னு மரை எல்லாம் முடுக்கிட்டான். அந்தக் கடற்கரைக்கார வாத்தியார் தனாசே கீழேருந்து சுத்தியல் எடுத்துக் கோபுரத்துல ஒரு போடு போட்டான். அங்கெல்லாம் காத்து அடிச்சா இரும்பு இப்படித்தான் கத்துமாம், யாரு பதறுறாங்கன்னு பார்க்கணுமாம். டமார்னு ஒரு சத்தம்…"

"சரி."

"கவ்ரில், விழாம இருக்க இரும்புல மாட்டியிருந்த ரெண்டு கொக்கியையும் கழட்டிட்டான்."

அவள் கை நின்றது. களி குமிழி விட்டு அவள் மணிக்கட்டில் தெறித்தது. அவள் கவனிக்கவில்லை.

"எங்க வச்சு?"

"உச்சியில. கழட்டிட்டு ஏணிப் பக்கம் பாஞ்சான். நல்லவேளை, காவலுக்கு மூணாவதா ஒரு கயிறு தனாசே கையில இருந்தது. அவன் இழுத்துப் பிடிச்சான். இல்லன்னா…" பிஷ்டா தொப்பியைப் பிசைந்தான். "அவன் கழட்டல மதினி. அவன் கை கழட்டிச்சு. முகத்தைப் பார்த்தேனே, அவனுக்கே தெரியாது."

எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சுரங்கத்தில் கூரை சரிவதற்கு முன்னால் முட்டுமரம் பேசும். 'நெறுக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் காதுக்கு எட்டுவதற்குள் கால் ஓடியிருக்க வேண்டும். உடம்பில் என்ன மாட்டியிருந்தாலும், பையோ, வாரோ, கயிறோ, உதறிவிட்டு ஓட வேண்டும். இலியே என்று ஒருவன் இருந்தான். அவன் மேல்சட்டை கம்பியில் மாட்டிக்கொண்டது. பொத்தானைக் கழற்றுகிற நேரம்தான், கூரை இறங்கிவிட்டது. கவ்ரில் அதைக் கண்ணால் பார்த்தவன். கட்டுண்டு நிற்கிறவன் செத்தான் என்று அவன் கை அன்றைக்கே படித்துக்கொண்டது. அங்கே அவிழ்த்தவன் பிழைத்தான். இங்கே அவிழ்த்தால் சாவு.

"சனிக்கிழமை இன்னொரு தடவை தர்றானாம். அதுலயும் கழட்டினா முடிஞ்சுது" என்றான் பிஷ்டா. கொஞ்சம் நின்று, "களி கருகுது மதினி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஸ்மரண்டா களியைப் பலகையில் கவிழ்த்து நூலால் அறுத்தாள். உப்புப் பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைக் கதவைக் காலால் தட்டினாள். "ஏய்யா, தொற. உன் மேல கோவம் இருக்கு, களி மேல இல்ல" என்றாள். நான் முட்டைக்கோஸை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் உப்பு வாங்கப் போனேன். கவ்ரில் பயிற்சிக்குப் போய்விட்டிருந்தான். மேசையில் அவன் கோப்பை, அடியில் காய்ந்த தூளோடு, அப்படியே இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். இரண்டு பேரும் உப்பைப் பற்றியே பேசினோம்.

அன்று சாயங்காலம் பிஷ்டா, கோபுரம் ஏறும்போது கட்டுகிற வார்ப்பட்டை ஒன்றைக் கொக்கிகளோடு தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தனாசேயிடம் கெஞ்சி வாங்கி வந்தது. ஸ்மரண்டாதான் கேட்டிருக்கிறாள். புருசனை அடுப்படியில் நிறுத்தி, தொடை வழியாக, தோள் வழியாக வார்களை இழுத்துக் கட்டினாள். இரண்டு கொக்கியையும் வெந்நீர்க் குழாயில் மாட்டினாள். கையில் உருளைக்கிழங்கும் கத்தியும் கொடுத்தாள்.

"தோலைச் சீவு."

"இது என்ன கூத்து?"

"சீவுய்யா."

அவன் மூன்றாவது கிழங்கைச் சீவும்போது பின்னால் நின்று பெரிய பாத்திரத்தின் மூடியைத் தரையில் போட்டாள். மூடி உருண்டு அடங்குவதற்குள் இரண்டு கொக்கியும் தொங்கின. கவ்ரில் வாசற்கதவருகே நின்றான், கையில் கத்தியோடு, வெளுத்துப் போய்.

"திரும்பி வா. மாட்டு" என்றாள்.

மறுபடி மூடி. மறுபடி கதவு. செவ்வாய் ராத்திரி படுக்கப் போகிறவரை அதுதான். புதனும் அதுதான். கீழ்வீட்டுக்காரி கரண்டியால் குழாயைத் தட்டினாள். படிக்கட்டில் ஆள் கூடியது. பெஞ்சில் இருமுகிற கிழவன் ஒருவன் எட்டிப் பார்த்து, "என்ன ஸ்மரண்டா, ஆட்டைக் கட்டிப் போட்டிருக்கே? ஓடிப் போயிருமா?" என்றான்.

"ஆடு ஓடினா தேடிப் பிடிச்சிரலாம். நீ போய் இருமு."

இலிங்கா பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே, "எங்கப்பாவைக் கட்டி வச்சிருக்காங்கன்னு க்ளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

"கட்டி வச்சிருக்கறதாலதான் உனக்கு அம்மா இருக்கா. சாப்பிட்டுப் போ."

ஆனால் கை படியவில்லை. சத்தம் வரப்போகிறது என்று தெரிந்தால் நிற்கும். தெரியாமல் வந்தால் ஓடும். வியாழக்கிழமை அவன் உட்கார்ந்துவிட்டான், தரையில், குழாயோரமாய், கட்டுண்டபடியே.

"விட்டுரு புள்ள. நாய்க்கு வயசான பெறகு வேற தந்திரம் வராது."

"நாய்க்கு வராது. உனக்கு?"

"நான் போய்க் கடைவாசல்ல நிக்கிறேன். காவலுக்கு."

"நின்னு? அதுல வர்றது இலிங்காவுக்குச் செருப்பு வாங்கக் காணுமா?" அவள் மூடியைக் கீழே வைத்தாள். "கவ்ரில், எனக்கு அந்தக் கெழவனைத் தூக்கி எடுக்கறதுக்குப் பயம் இல்ல. நான் இங்க இருக்கணும். அவ்வளவுதான் கேட்கிறேன்."

அவன் கையை விரித்து, அதை வேற்றாள் கையைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் கரி இன்னும் இருந்தது. அது போகாது.

"எந்திரி. இன்னொரு தடவை."

"போதும்."

"எந்திரிய்யா."

எழுந்தான். அவள் ஒரு கொக்கியைக் குழாயில் மாட்டினாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். என்ன நினைத்தாளோ, அதைத் தன் இடுப்பில் ஏப்ரனுக்கு மேல் கட்டியிருந்த தோல் வாரில் 'க்ளிக்' என்று மாட்டிக்கொண்டாள். அப்படியே திரும்பி நின்று வெங்காயம் அரிந்தாள். அவனும் மறுபக்கம் திரும்பிக் கிழங்கைச் சீவினான். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ரேடியோவில் யாரோ வானிலை சொன்னார்கள். நான் வாசற்படியில் நின்று, மூடியை அவள் மறந்தே போனாள் என்று நினைத்தேன்.

அவள் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். என் காலடியில் நிலக்கரி வாளி இருந்தது. ஓங்கி உதைத்தேன்.

குழாய்க் கொக்கி தொங்கியது. அவன் கதவைப் பார்த்து இரண்டு எட்டு வைத்துவிட்டான். ஆனால் அவன் இடதுகை பின்னால் போய், அவள் இடுப்பிலிருந்த கொக்கியை மூடிப் பிடித்திருந்தது. கழற்றவில்லை. பிடித்திருந்தது. அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்திருக்கிறான். வெங்காயம் தரையெல்லாம் சிதறியது.

சுரங்கத்தில் எதையும் உதறலாம், சோடிக்காரனை மட்டும் உதறக்கூடாது. ஒர்த்தாக் என்போம் அவனை. ஓடும்போது அவன் தோள்வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதுவும் அதே கை படித்த பாடம்தான்.

ஸ்மரண்டா மெல்ல அவன் விரல்கள்மேல் தன் கையை வைத்தாள். வெங்காய ஈரம்.

"இதை ஏன் கழட்டல?"

"அதுல நீ இருக்கே."

"அங்கயும் நான்தான் இருப்பேன். ரெண்டு கொக்கியிலயும்."

அவன் தலையாட்டினான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வாளியை நேராக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சும்மா அடுப்பைப் பற்ற வைத்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவர்கள் அப்படியே வீட்டுக்குள் நடந்தார்கள். அவன் குழாய்க்கும் அவளுக்கும் நடுவில். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் குழாய்க் கொக்கியும் நிற்கத் தொடங்கியது. ஒரு தடவை நின்றது, ஒரு தடவை கழன்றது. முழுசாய்ப் படிந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

சனிக்கிழமை பரிங்கு மலையிலிருந்து காற்று இறங்கியது. பழைய சுரங்க முற்றத்தில் ஸ்மரண்டாவும் நானும் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றோம். என் விளக்கு அறையின் சன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். அதை நான் பார்க்கவில்லை. பிஷ்டா ஏற்கெனவே தேறியவன், துணைக்கு மேலே ஏறினான். பின்னால் கவ்ரில். ஏறுவதற்கு முன் திரும்பி எங்களைப் பார்த்தான்.

"நொரோக் புன்" என்றாள் ஸ்மரண்டா. அது சுரங்கக்காரர்கள் வாழ்த்து, நல்ல அதிர்ஷ்டம் என்று அர்த்தம். இறங்குகிறவனுக்கு மட்டும் சொல்வது. ஏறுகிறவனுக்கு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"நொரோக் புன்" என்றான் அவனும்.

மேலே போனான். காற்றில் கோபுரம் தானாகவே முனகியது. அவன் மரையை முடுக்குவது தெரிந்தது. தனாசே கீழே சுத்தியலோடு நின்றான், சின்ன வயசு, உதடு வெடித்த கடற்கரைப் பையன். ஸ்மரண்டாவின் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு ஓங்கி அடித்தான். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

மேலே கவ்ரிலின் இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே இருந்த கொக்கிகளுக்குப் பறந்தன. ஸ்மரண்டா என் கையை நசுக்கினாள்.

பிஷ்டா அவனை நோக்கிக் குனிந்தான். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. கவ்ரில் நகரவில்லை. இரண்டு கொக்கியையும் இரண்டு முஷ்டியில் மூடிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அப்படியே நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

இறங்கி வந்ததும் தனாசே அவன் முதுகில் தட்டினான்.

"அண்ணே, அதை அப்படிக் கழுத்தைப் பிடிச்ச மாதிரி பிடிக்க வேண்டியதில்ல. மாட்டினா அதுவே நிக்கும்."

"நிக்கும். ஆனா நான் விடமாட்டேன்" என்றான் கவ்ரில்.

"தேறிட்டீங்க."

பிஷ்டா மீசையைத் துடைத்தான். "மேல நின்னுக்கிட்டு இவன் என்ன சொன்னான் தெரியுமா மதினி? 'வெங்காயம், வெங்காயம்'னு முணுமுணுத்தான். மலைக்காத்துல புத்தி பேதலிச்சுதோன்னு நெனச்சேன்."

ஸ்மரண்டா சிரித்தாள். அப்புறம் கோபுரத்தின் அடிக் கால்மேல் முதுகைச் சாய்த்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாங்கள் யாரும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இத்தாலி வண்டி வந்து கீழே ஒலியெழுப்பியது. ஸ்மரண்டா சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நான் வரல" என்றாள். இரண்டாம் மாடி ஃபிலோஃதெயா கைப்பையோடு ஓடிப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சின்னவன் இரண்டாம் வகுப்பு. அந்த வண்டியில் இடம் காலியாகப் போய் நான் பார்த்ததே இல்லை. பேர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் கோபுரத்துப் பக்கமே திரும்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திரையில் ஏறிய கோடு எங்கள் படிக்கட்டில் இரண்டே வீட்டுக்குத்தான் ஏறியது.

மரங்கள் துளிர்க்கிற நேரத்தில் கவ்ரிலும் பிஷ்டாவும் ரயில் ஏறினார்கள். ரொட்டி, பன்றிக்கொழுப்பு, வெங்காயம், செய்தித்தாளில் சுற்றியது. சுரங்கத்துக்குக் கட்டிக் கொடுக்கிற அதே பொட்டலம்.

கோப்பை மேசையில் இருந்தது. முதல் நாள் இருந்தது. முதல் வாரம் இருந்தது. இலிங்கா ஒருதரம் அதை எடுத்தபோது ஸ்மரண்டா அவள் கையைத் தட்டிவிட்டாள். இரண்டாவது வாரம் தூளின் மேல் வெள்ளையாய்ப் பூத்தது. அதன் பக்கத்திலேயே அவர்கள் சாப்பிட்டார்கள், அதன் பக்கத்திலேயே பிள்ளை படித்தாள். நான் இருந்தபோது தொலைபேசி வந்தது. பின்னால் காற்று இரைந்தது.

"கோப்பை?" என்றான் கவ்ரில்.

"தாடி முளைச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போனா ஷேவிங்குக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"கழுவிராத."

"கழுவறேனா நானு? நீ கொக்கியைப் பாரு."

அவன் வந்த காலையில் எங்கள் படிக்கட்டில் காலடி கேட்டது. என் கதவு திறந்துதான் இருந்தது, அவர்கள் அடுப்படிவரை தெரியும். முகம் வெயிலில் சிவந்து, மூக்குத் தோல் உரிந்திருந்தது. எங்கள் ஆண்கள் முகத்தில் அந்த நிறத்தை நான் பார்த்ததே இல்லை. பையைக் கூட இறக்காமல் அடுப்படிக்குப் போனான். மேசையைப் பார்த்தான்.

ஸ்மரண்டா வணக்கம் கூடச் சொல்லவில்லை. கோப்பையை எடுத்தாள், குழாயைத் திறந்தாள், வெந்நீர் ஊற்றி விரலை உள்ளே விட்டுத் தேய்த்தாள். நிறைய நேரம் தேய்த்தாள். கோப்பை எப்போதோ சுத்தமாகிவிட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் திரும்பவில்லை.

அவன் பின்னால் போய் நின்று, அவள் இடுப்பிலிருந்த தோல் வாருக்குள் ஒரு விரலை மடக்கி மாட்டினான்.

"விடுய்யா. காப்பி பொங்குது."

பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற சத்தம் என் வீடு வரை கேட்டது.